துணைவேந்தர் கவுன்

ஆடாம நில்லுங்க சார், குண்டூசி குத்திடப் போகுது. துணைவேந்தர்னு ஊசிக்குத் தெரியுமா என்ன? ஒரு ஆள அனுப்பியிருந்தா நானே மேல வந்திருப்பேனே. மேடைக்கு அடியில இருக்கிற இந்த ஸ்டோர் ரூமுக்கு நீங்க போய் இறங்கி வரணுமா?

ஆமா, இதே கவுன்தான். உங்களுக்கு முன்னாடி இருந்தவ போட்டது. அவ இவன்னு சொல்றேனேன்னு பாக்காதீங்க, நாங்க ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க. நூலுன்னுதான் கூப்பிடுவேன், அவ்வளவு ஒல்லி. மூணு மணிக்கு அவள வழியனுப்பிட்டு, இதை உங்களுக்குப் போட்டுவிடப் போறாங்க. எனக்கும் முன் வரிசையில நாற்காலி போட்டிருக்காளாம். அவ கையாலயே சீட்டு எழுதி அனுப்பியிருக்கா. நான் போகப் போறதில்ல.

ஏனா? கையத் தூக்குங்க, சொல்றேன்.

இப்போ முப்பதாயிரம் பிள்ளைங்க படிக்குதுன்னு வாசல்ல போர்டு வச்சிருக்கீங்களே, நாங்க சேர்ந்தப்போ நாப்பது பேரு. தொழிற்பள்ளின்னு பேரு, ரெண்டே தகரக் கொட்டகை. ஒண்ணுல பையன்களுக்கு லேத்துல கடைசல் வேலை, இன்னொண்ணுல பொண்ணுங்களுக்குத் தையல். மழை பேஞ்சா நாங்க பாடம் நடத்துறது எங்களுக்கே கேக்காது. தையல்ல ரெண்டு டீச்சர், நானும் அவளும். அவளுக்குக் காஜா எடுக்கவே வராது சார்! பட்டன் போட்டா ஓட்டை வழியா தானா நழுவி விழும். பக்கத்துல உக்கார வச்சு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அதை இன்னைக்கு யாராவது மேடையில சொல்லுவாங்களா? மாட்டாங்க.

பள்ளிக்கூடத்தக் காலேஜ் ஆக்கணும்னு மனு எழுதினது அவதான், இல்லேங்கல. ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினா, பக்கத்து நிலத்தையும் வாங்கிக் குடுத்தா. ஆனா பெரிய மனுஷங்க பாக்க வந்தப்போ ராத்திரி பகலா பந்தலுக்குத் துணி தச்சது யாரு? அதெல்லாம் கணக்குல வராது. காலேஜ் ஆனதும், டிகிரி இருந்தாத்தான் பாடம் எடுக்கலாம்னுட்டாங்க. ரெண்டு பேரும் சாயங்கால வகுப்புல சேர்ந்தோம். நான் பாதியில விட்டுட்டேன், வீட்டுல வேலைன்னு.

அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். உண்மையில ஃபெயில். ரெண்டு தடவ. வாடி, நான் சொல்லித் தர்றேன்னு வந்தா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. காஜா எடுக்கத் தெரியாதவ எனக்குச் சொல்லித் தர்றாளாம்! போடி உன் வேலையப் பாத்துக்கிட்டுன்னு கதவச் சாத்திட்டேன். அவ பாடம் நடத்தப் போனா, நான் ஸ்டோருக்கு வந்தேன். இங்க ஒவ்வொரு கட்டடமா எழும்ப எழும்ப அவளும் ஒவ்வொரு படியா ஏறினா. எனக்கு வயித்தெரிச்சல்தான் ஏறுச்சு. மறைச்சு என்ன ஆகப் போகுது?

திரும்புங்க. உங்களுக்குக் கை கொஞ்சம் குட்ட சார், மணிக்கட்டத் தாண்டி தொங்குது பாருங்க.

காலேஜ் யுனிவர்சிட்டி ஆச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவளே துணைவேந்தரும் ஆனா. கவுன் தைக்கிற வேலை என்கிட்ட வந்துச்சு. நல்லாத்தான் வெட்டினேன். இடது கைய மட்டும் ஒரு இஞ்ச் கம்மியா வெட்டினேன்.

தெரிஞ்சுதான் சார். முப்பது வருஷம் கத்தரிக்கோல் புடிச்ச கை தப்பா வெட்டுமா? அத்தன பேர் முன்னாடி ஒரு கை ஏறி நிக்கட்டும், கோவமா எனக்கு ஃபோன் பண்ணட்டும்னு இருந்தேன். டிகிரி இல்லாதவ தச்சது அப்படித்தாம்மா இருக்கும்னு பதில்கூட தயாரா வச்சிருந்தேன். ஃபோன் வரல. பட்டமளிப்பு அன்னைக்கு மேடை ஓரமா நின்னு பாக்குறேன், ரெண்டு கையும் சமமா இருக்கு! அடுத்த வருஷமும் அப்படியே. என் கண்ணுதான் போச்சோன்னு இருந்துட்டேன். கவுன் அவ ரூம் பீரோவுலயே இருக்கும், என் கைக்குத் திரும்பி வரவே இல்ல.

இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. உங்க அளவுக்குக் குறைக்கலாம்னு லைனிங்கப் பிரிச்சா, இடது கையில ஒரு இஞ்சுக்கு ஒட்டுத் துணி. கவுனோட கீழ் மடிப்புலேர்ந்து துணி எடுத்து, கை ஓரத்துச் சரிகைக்கு அடியில தையலே தெரியாம சேத்திருக்கா. மிஷின் இல்ல சார், கைத்தையல். டெய்லர் யாரும் போடல, அவதான். மூணு தையலுக்கு ஒரு பின்தையல், நான் சொல்லிக் குடுத்த தையல். இத்தன பெரிய யுனிவர்சிட்டிக்குத் துணைவேந்தர், என் வீம்ப ஒத்தையில உக்காந்து தச்சு மறைச்சிருக்கா. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. போன மாசம்கூட இங்க வந்து என்னோட டீ குடிச்சிட்டுப் போனா.

இல்ல சார், அழல, தூசி. இருந்தாலும் எனக்கு ஆறல பாருங்க. அத்தன வருஷமா ஊசியத் தொடாதவ, எனக்கே தெரியாத மாதிரி ஒட்டுப் போட்டிருக்கா! இதுலயும் அவதான் மேலயா?

கைய வெட்டல, உள்ள மடிச்சுத் தர்றேன். அந்த ஒட்டுல கத்தரிக்கோல் வைக்க மனசு வரல.

மணி என்ன ஆச்சு? ரெண்டரையா? அந்த அலமாரிக்கு மேல என் நல்ல புடவை இருக்கு, கொஞ்சம் எடுத்துக் குடுங்க. வாழ்த்த எல்லாம் போகல சார். அந்த ஒட்டோட மூலைய நீ எப்படிடி சுருக்கமில்லாம திருப்புனேன்னு அவகிட்ட கேக்கணும்.