பின்னால் நின்றவள்

மத்தியானம் இரண்டு மணி. பேருந்துப் பணிமனைக்குப் பின்பக்கம் ஒரு சாலை... ஆள் நடமாட்டமே கிடையாது. ஒரு பக்கம் பணிமனையின் நீளச் சுவர், இன்னொரு பக்கம் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள். தார் இளகி, ஒவ்வொரு அடிக்கும் செருப்பு 'சப்... சப்...' என்று ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. அந்த வெயிலில் ஒருத்தி தலைதெறிக்க ஓடுகிறாள்.

என்ன சிரிப்பு? பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உச்சி வெயிலில் நடமாடுவது ராத்திரி நடமாடுவதைவிடப் பொல்லாதது. விளக்கை அணைக்கச் சொன்னது நீங்கள்தான்... அப்புறம் பாத்ரூமுக்குத் துணைக்கு வா என்று என்னை எழுப்பக் கூடாது, சொல்லிவிட்டேன்.

ஓடுகிறவள் என் சிநேகிதியின் நாத்தனார். துணையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வாசலில் நின்று சிரிக்கிற வேலை இல்லை. பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை மெஷினில் கொடுத்து ஃபிரேமுக்கு ஏற்றபடி ஓரம் தேய்க்கிற வேலை. 'கிர்ர்ர்...' என்று நாள் முழுக்கச் சத்தம். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு இன்னொரு வேலை வைத்திருந்தாள். பிரசவத் துணை.

மருத்துவச்சி இல்லை, நர்ஸும் இல்லை. குழந்தையை அவள் தொடவே மாட்டாள். வலி வந்த பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து நிற்பாள். இவள் பின்னால் நின்று இரண்டு உள்ளங்கையாலும் அவள் இடுப்பை அழுத்திப் பிடிப்பாள். வலி ஏறினால் அழுத்தம், இறங்கினால் விடுதல். நடுவில் கிடைக்கிற ஓய்வில் புத்தகம். தலையணைமேல் விரித்து வைத்து, அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசிப்பாள். அதுவும் என்ன புத்தகம்? மலைமேல் ஒரு விடுதி, அதில் வரிசையாகக் கொலை. பிரசவ அறையில் படிக்கிற கதையா இது என்று நர்ஸ்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அடுத்து யார் சாவார்கள் என்கிற ஆர்வத்தில் அந்தப் பெண்கள் பாதி வலியை மறந்துவிடுவார்கள்.

அவள் புருஷன் கேலி செய்வானாம். "உனக்கு மூணு புருஷன். கடை, பிரசவம், புத்தகம். நான் நாலாவது. என் முறை எப்போ வரும்னு சொல்லு, அதுவரைக்கும் தூங்கறேன்."

கடை முதலாளி ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். கூப்பிட்டால் போய்க்கொள், ஆனால் மெஷினில் ஏறின லென்ஸை முடித்துவிட்டுப் போ. அன்றைக்கு ஏறியிருந்தது தடிமனான லென்ஸ். அதனால்தான் தாமதம், அதனால்தான் இந்த ஓட்டம்.

மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால்... குழந்தை பிறந்துவிட்டது. தாய் சிரித்த முகமாகப் படுத்திருக்கிறாள். துணையக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அந்தப் பெண்ணே கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாளாம்.

"நீங்க அனுப்பின அக்கா அப்படிப் பாத்துக்கிட்டாங்க."

"நான் யாரையும் அனுப்பலையே. எப்படி இருந்தாங்க?"

"முகம் பாக்கலக்கா. பின்னாடியேல்ல நின்னாங்க. கை மட்டும்தான் தெரியும்."

நர்ஸைக் கேட்டால், அவள் ஒரே நேரத்தில் இரண்டு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வாசிக்கிற குரல் கேட்டது, நீங்கள்தான் என்று நினைத்தேன் என்றாள். அறையில் ஒரு வாசனை மட்டும் இருந்தது... மழையில் நனைந்து சரியாகக் காயாத புத்தகத்தின் வாசனை.

துணையக்காவுக்குப் பேய் ஞாபகமே வரவில்லை. அவளுக்கு வந்தது வயிற்றெரிச்சல். எவளோ ஒரு போட்டிக்காரி முளைத்திருக்கிறாள், என் தாய்மார்களைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறாள்! யார் துப்புக் கொடுத்திருப்பார்கள்? கடை முன்பக்கம் போன் எடுக்கிற பெண்மேல் முதல் சந்தேகம். அவள் சாதாரணமாகச் சிரித்தால்கூட இவளுக்கு அது நமட்டுச் சிரிப்பாகத் தெரிந்தது. அடுத்தது புருஷன். ஒரு நாள் முழுக்க அவனை உற்று உற்றுப் பார்த்ததில், அவன் பயந்துபோய்ச் செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டானாம்.

அடுத்த பிரசவத்துக்கு மூச்சுக் காட்டவில்லை. பல் வலி என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அன்றைக்கும் ஒரு லென்ஸ் காலைப் பிடித்து இழுத்தது. போய்ச் சேர்ந்தால் அதே கதைதான்... அதே வாசனை. அந்தத் தாய் வேறு ஒரு படி மேலே போய், "அந்தச் சமையல்காரன்தான் கொலைகாரன்னு நான் நினைக்கவே இல்லக்கா" என்றாள்.

துணையக்கா அப்போதுதான் பாதிப் புத்தகம் தாண்டியிருந்தாள். நீங்களே சொல்லுங்கள், கோபம் வருமா வராதா? போட்டிக்காரி தொழிலைக் கெடுத்தது போதாதென்று கதையையும் கெடுத்துவிட்டாள். அதே புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் போலவே நடிக்கிறாள் என்று பொருமினாள்.

அந்தத் தாய் இன்னொன்றும் சொன்னாள். "ஆனா அவங்க பக்கத்தை மாத்தி வாசிச்சிட்டாங்க போல. போலீஸ் புடிச்சிட்டுப் போன சமையல்காரன், திரும்ப வந்து எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறினான். எனக்குக் கொழம்பிடுச்சு."

ஒழுங்காக வாசிக்கக்கூடத் தெரியவில்லை, அவளெல்லாம் துணையா என்று துணையக்காவுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தாள். அவளுடைய பிரதியில் கடைசிப் பகுதித் தாள்கள் ஓரம் வெட்டாமல் ஒட்டிக்கொண்டே இருந்தன. அச்சகத்தில் விட்ட குறை. வாசித்து அந்தப் பகுதிக்கு வரும்போது வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தாள். அதை யாரும் பிரித்துப் படித்திருக்கவே முடியாது. பிளேடை எடுத்து ஒவ்வொன்றாகக் கீறினாள்... 'சர்ரக்... சர்ரக்...'

ஒரு பக்கத்தில் சமையல்காரனுக்கு விலங்கு மாட்டிக் கூட்டிப் போகிறார்கள். பக்கத்தைத் திருப்பினால்... அவனே சிரித்துக்கொண்டு சாப்பாடு பரிமாறுகிறான். பைண்டு பண்ணினவன் தாள்களை முன்பின்னாகச் சேர்த்துத் தைத்திருக்கிறான்.

புரிகிறதா? வேறு பிரதியை வாசித்திருந்தால் இந்தக் குழப்பம் வராது. அவள் வாசித்தது இதே புத்தகத்தை, பிரிக்காத பக்கங்களோடு. அந்த நேரத்தில் இந்தப் புத்தகம் கண்ணாடிக் கடையில், துணையக்காவின் பைக்குள் இருந்தது.

புத்தகத்தை மூடித் திரும்பப் பைக்குள் வைத்தாள். புருஷனிடம் சொன்னால் சிரிப்பான். சொல்லவில்லை.

இதில் வம்பு என்னவென்றால், அவள் தங்கைக்கு அது பிரசவ மாசம். முதல் பிரசவத்தில் தங்கைக்குக் குழந்தை தங்கவில்லை. அன்றைக்கு அக்கா கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்கை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுவே துணையக்காவை அறுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை தங்கை வாய்விட்டுக் கேட்டாள். "வேற யாரையும் அனுப்பாதேக்கா. என் பின்னாடி நீதான் நிக்கணும்."

இதுவரை அந்தக் கைகளால் ஒரு குழந்தைக்கும் கெடுதல் வரவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் சோழியன் குடுமி சும்மா ஆடுமா? கூலி கேட்காமல் முகம் காட்டாமல் ஒருத்தி ஓடி ஓடி வேலை செய்கிறாள் என்றால், அவளுக்கு என்ன வேண்டும்? எந்தக் குழந்தைக்காகக் காத்திருக்கிறாள்? துணையக்காவுக்கு அந்தக் கேள்விக்குமேல் யோசிக்கவே பயமாக இருந்தது. தங்கைக்குப் பின்னால் அவளை நிற்க விடக் கூடாது, அவ்வளவுதான்.

காலையிலேயே போன் வந்தது. மெஷினில் லென்ஸ் பாதி தேய்ந்திருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, பாதி லென்ஸோடு மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். இப்படிப் போனால் திரும்பி வர வேண்டாம் என்று முதலாளி கத்தினது சாலை வரைக்கும் கேட்டதாம்.

முந்திக்கொண்டாள்! அறையில் தங்கையும் நர்ஸும் மட்டும்தான். முகர்ந்து பார்த்தாள். மருந்து வாசனை, வேறு ஒன்றும் இல்லை. உடனே ஒரு காரியம் செய்தாள். கட்டிலை 'கிறீச்' என்று சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டாள். தங்கை கம்பியைப் பிடித்து நிற்க, அவளுக்குப் பின்னால் இவள் நிற்க, இவள் முதுகு சுவரை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு புத்தகம் நுழையலாம், மனுஷர் யாரும் நுழைய முடியாது. இப்போது வாடி பார்க்கலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாளாம்.

வலி வந்தது. அழுத்தினாள். இறங்கியது. வாசித்தாள். மறுபடி வந்தது. அழுத்தினாள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா, அக்கா என்றாள். இருக்கேன்டி என்றாள் இவள்.

அப்போது அந்த வாசனை வந்தது... நனைந்த புத்தகம்.

அப்புறம் இவள் இடுப்பில்... இரண்டு கைகள்.

சுவர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தன. உள்ளங்கை இரண்டும் எங்கே பதிய வேண்டுமோ அங்கே பதிந்து, எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு அழுத்தின. திரும்பிப் பார்த்திருக்கலாம். ஆனால் தங்கைக்கு வலி உச்சியில் இருந்தது. அந்த நேரத்தில் கையை எடுத்தால் அவள் மடிந்து விழுந்துவிடுவாள். போன முறை பின்னால் யாருமே இல்லாமல் அவள் பட்டது போதும். துணையக்கா திரும்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, கையை எடுக்காமல் நின்றாள்.

தங்கையின் வலி இறங்கியது. கைகளும் விலகின. அடுத்த வலிக்கு மறுபடி வந்தன. இப்படியே கொஞ்ச நேரம். அப்புறம் ஒரு தடவை... தங்கை ஓய்ந்து தலையணையில் முகம் புதைத்திருக்கிறாள், அவளுக்கு வலியே இல்லை. அப்போது வந்து அழுத்தின. தங்கையின் கணக்கை விட்டுவிட்டு, வேறு யாருடைய கணக்குக்கோ. அந்த அழுத்தம் எப்படி இருந்தது தெரியுமா? சுகமாக இருந்ததாம். அத்தனை வருஷம் நின்று நின்று நொந்த இடுப்புக்கு அப்படி ஒரு இதமாம். என் சிநேகிதியிடம் அதைச் சொல்லும்போது, தன் இடுப்பிலேயே கை வைத்துக் காட்டினாளாம்.

குழந்தை 'வீல்' என்று கத்தியது. பெண் குழந்தை, கொழுக் மொழுக்கென்று. தங்கை அழுகிறாள், சிரிக்கிறாள். துணையக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர்தான். இடுப்பு உயரத்தில் கொஞ்சம் ஈரம்.

அதற்கப்புறம் எந்தத் தாயும் இன்னொரு அக்கா வந்ததாகச் சொல்லவில்லை. முதலாளியும் நாலு நாள் முறைத்துவிட்டு, அவளைப் போல ஓரம் தேய்க்க ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். தங்கை மகள் இப்போது நடக்கிறாள்.

கைகள் மட்டும் போகவில்லை.

அன்றைக்குப் பிறகு சில மாதங்கள் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நாள், மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, நாற்காலி முதுகு இருக்கிற இடத்திலிருந்து வந்து அழுத்திவிட்டு விலகின. வயிறு கல்லாக இறுகித் தளர்ந்தது. டாக்டரிடம் போனாள். கர்ப்பம் இல்லை. ஸ்கேனில் வயிறு சுத்தமாக இருந்தது, கட்டியோ கோளாறோ ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு மாதம் கழித்து வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒரு தரம். அப்புறம் தினமும்.

பிள்ளை பெற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலி முதலில் எப்போதாவது வரும். நேரம் நெருங்க நெருங்க இடைவெளி குறையும்.

என் சிநேகிதி போன வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தாள். பேச்சு நடுவில் துணையக்கா நாலு தடவை நிறுத்திவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாளாம். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாளாம். கிளம்பும்போது வாசல் வரை வழியனுப்ப வந்தாளாம்.

அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு தடவை நின்றாளாம்.