நம்பரச் சொல்லியே கூப்புடுங்க

இன்னும் நல்லம்பள்ளியே வரலீங்க சார், உக்காருங்க. மில்லு கேட்டுலயே பஸ் நிக்கும், நானும் அங்கதான் எறங்கறேன். டைம் ஆபீஸுக்குப் புதுசா வர்ற கிளார்க்குங்களா? நல்லதாப் போச்சு. அப்ப உங்ககிட்டயே ஒண்ணு கேட்டுக்கறேன். காத்தால ஆஜர் எடுக்கறப்ப எல்லாரையும் பேரச் சொல்லிக் கூப்புடுவீங்க. என்னைய மட்டும் நம்பரச் சொல்லிக் கூப்புடுங்க சார். நூத்திப் பன்னெண்டு. பேரு வேண்டாம்.

சிரிக்காதீங்க. ஆமாங்க, மத்தவங்க நம்பரச் சொன்னாக் கோவிச்சுக்குவாங்க, நாங்க என்ன சந்தை மாடான்னு. எனக்கு நம்பர் போதுங்க.

சொல்றேன் சார். மொதல்ல நம்ம மில்லப் பத்தித் தெரிஞ்சுக்குங்க. மேனேஜருக்குத் தங்கமான வாயி. ஆயுத பூசைக்குப் பொரி குடுக்கறப்ப, நாமெல்லாம் ஒரே குடும்பம்பாரு. லீவுன்னு மட்டும் கேட்டுறக் கூடாது. முடியலீனா வூட்டுலருந்து ஆள அனுப்புன்னுருவாரு மேஸ்திரி. அண்ணனுக்குத் தம்பி வருவான், மாமனுக்கு மச்சான் வருவான். கையில டோக்கன் இருந்தாச் சரி, மூஞ்சிய எவன் பாக்கறான்? மேனேஜருக்கும் தெரியும். மெசினு நிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

போன வருசம் மழைநாள்ல எனக்குக் குளிர் காய்ச்சல். எம்பையன் பாலக்கோட்டுல சைக்கிள் கடையில இருந்தான், பாக்க வந்திருந்தான். நீ படுப்பா, நான் போறேன்னு என்ற டோக்கன வாங்கி அரணாக்கவுத்துல முடிஞ்சுக்கிட்டான். அவங்கம்மா ஊத்துன கஞ்சியக் கூட முழுசாக் குடிக்கல. சங்கு ஊதிருவாங்கன்னு ஓடுனான்.

பஞ்சு ரூம்புல தீ. ஆமாங்க, அதே தீதான். பஞ்சுல புடிச்சா ஓடறதுக்கு நேரம் குடுக்காதுங்க. வெளிய எடுத்தப்ப மூஞ்சி தெரியல. டோக்கனப் பாத்துட்டு, பெரியநாயகம் செத்துட்டான்னு எழுதிட்டாங்க. பெரியநாயகம் நாந்தாங்க.

பயப்படாதீங்க சார், உசுரோடதான் இருக்கேன்.

கம்பளியப் போத்திக்கிட்டு கேட்டுல போயி நின்னேன். மேனேஜரு உள்ள கூட்டிட்டுப் போயித் தோளத் தொட்டாரு. அதுவரைக்கும் தொட்டதில்ல. பதிவுல இல்லாத பையன் உள்ள இருந்தான்னு தெரிஞ்சா மில்ல மூடிருவாங்கப்பா, எத்தன வூட்டு அடுப்பு அணையும் பாரு, எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும், உன்ன வேற பேர்ல எடுத்துக்கறேன்னாரு. ஜன்னலுக்கு வெளிய கூட வேல செஞ்சவங்கல்லாம் எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. சரிங்கன்னு தலையாட்டிட்டேன்.

இன்ஸ்பெக்டரு வந்தன்னிக்கு எம்பொஞ்சாதி மதலேனம்மாள வெள்ளச் சீலையில கொண்டாந்து நிறுத்துனாங்க, புருசஞ் செத்தவளாட்டம். நான் பின்னால குடோன்ல ஒளிஞ்சிருக்கேன். அவ அழுவற சத்தம் அங்க வரைக்கும் கேக்குது. அழுதது நெசங்க. யாருக்குன்னுதான் அந்தாளுக்குத் தெரியல.

அவளுக்கு இப்ப எங்கூடச் சரியாப் பேச்சு இல்ல. சோத்தப் போட்டு வெச்சுட்டுத் திரும்பிக்குவா. தப்புச் சொல்ல முடியுங்களா? எனக்கே என்னப் பாக்கப் புடிக்கல. இன்னிக்குக் கூட அரநாள் பர்மிசன் கேட்டு, தருமபுரி மாதா கோயில்ல அவனுக்குப் பூசை சொல்லிட்டு வர்றேன். சாமியாரு அங்கயாவது செத்தவங்களோட அவம்பேர வாசிப்பாருங்கல்ல.

எந்திரிங்க, கேட்டு வந்துருச்சு. பைய எங்கிட்டக் குடுங்க.

வேற பேருன்னா என்ன பேருங்களா? அன்னிக்கு இருந்த அவசரத்துல, வூட்டுல வேற ஆம்பள யாருன்னு கேட்டாரு மேனேஜரு. ரேசன் கார்டுல எங்கூட இருந்தது எம்பையன் ஒருத்தந்தான். அவம்பேரையே எனக்கு எழுதிட்டாரு. தெனம் காத்தால சின்னப்பராஜ்னு கூப்புடுவாங்க சார். இருக்கேனுங்கன்னு நாஞ்சொல்லணும்.