சொல்லாமல் கிளம்புகிறவர்

ஆவடி லோக்கல் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோய் வைப்பவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“பெட்டிய எறக்கி கரண்ட்டு பிளக்க சொருவுனா வேல முடிஞ்சுது. இதுல இன்னா மாமே கஷ்டம்?” என்றார் கூட வந்தவர்.

“சாவு ஊட்ல ‘போயிட்டு வரேன்’னு சொல்லக்கூடாது. பேசாம கெளம்பணும்.”

“அவ்ளோதான?”

“போன வாரம் கள்ளிக்குப்பத்துல அக்கா பொண்ணுக்கு வளைகாப்பு. வளையல் பையோட வாசல்ல செருப்பு கழட்டிகினு கீறேன், எதிர் ஊட்டம்மா ஓடியாருது. அவங்க மாமியாருக்கு நான்தான் பெட்டி வெச்சேன். ‘ஐயோ, இங்க யாரு தவறிட்டாங்க?’ன்னு கேக்குது.”

“நீ இன்னா சொன்ன?”

“இன்னாத்த சொல்றது. வளையல் பைய அந்தம்மா கையிலயே குடுத்துட்டு, பேசாம கெளம்பி வந்துட்டேன்.”