முறையாகக் கேட்டிருக்கலாம்

மழை பெய்தால் எங்கள் வீட்டில் இன்டர்நெட் போய்விடும். மற்றபடி எனக்கு இந்த உலகத்தின் மீது பெரிய குறை எதுவும் கிடையாது. சிங்காநல்லூரில் சொந்த வீடு, பம்புசெட் கம்பெனி ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த நிம்மதி, காலையில் ஒரு நடை, அதன் பிறகு கம்ப்யூட்டர். யாருக்கும் கெடுதல் நினைக்காமல் வாழ்ந்து வருகிறவன் நான். நீங்கள் கைப்பட எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். சொல்லியிருக்காவிட்டாலும், யாராவது முறையாகக் கேட்டிருந்தால் எழுதித்தான் கொடுத்திருப்பேன்.

லட்சுமணசாமி என்ற என் பெயர் இதற்கு முன்பு உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சாவடி பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியும். சாவடி ஒரு மென்பொருள். நாலு பேர் கூடிப் பேச இணையத்தில் ஒரு மன்றம் வேண்டும் என்றால் இதை இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் மேம்படுத்தலாம். பொள்ளாச்சி தென்னந்தோப்புக்காரர்களிலிருந்து பழைய புல்லட் வண்டிப் பிரியர்கள் வரைக்கும் இதில்தான் மன்றம் நடத்துகிறார்கள். அது மக்கர் செய்தால் எல்லாரும் ஓடி வருகிற இடம் எங்கள் உதவி மன்றம். அங்கே ஒருவர் கேட்கும் கேள்வியையும் அதற்கு வரும் பதில்களையும் சேர்த்துத் திரி என்போம். நான் அங்கே தமிழ்ப் பிரிவின் மட்டுறுத்துநர். திரிகளை ஒழுங்குபடுத்துவது, பிழையான பதில்களைத் திருத்துவது, முடிந்ததை மூடுவது என் வேலை. சம்பளம் கிடையாது. நான் எதிர்பார்த்ததும் இல்லை.

எதிர்பார்த்தது முறையை மட்டும்தான். எந்தப் பதிப்பு, என்ன பிழை வந்தது, என்னென்ன செய்து பார்த்தீர்கள், மன்றம் முழுவதற்கும் முன்கூட்டியே ஒரு காப்பி எடுத்து வைத்தீர்களா. இவ்வளவையும் எழுதிக் கேட்க வேண்டும். நம் ஆட்களோ, "ஏனுங்க, எம்பட சைட்டு தொறக்க மாட்டேங்குது, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். நான் கோபப்பட்டதே இல்லை. விதிகள் இருக்கும் பக்கத்தைக் காட்டுவேன். பலர் அதற்குப் பிறகு வருவதில்லை. கேட்டவர் திரும்பி வராவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். திரிக்குத் 'தீர்ந்தது' என்று பச்சைக் குறி போட்டு மூடிவிடுவேன். தீர்ந்த திரிகளின் எண்ணிக்கையில் தமிழ்ப் பிரிவுதான் எப்போதும் முன்னால் நிற்கும்.

"ஊர்ல இருக்கறவிங்க கம்ப்யூட்டரையெல்லாம் சரி பண்றீங்க, நம்ம ஊட்டு டிவிய எப்பங்க பாப்பீங்க?" என்று என் மனைவி கேட்பாள். என்ன கோளாறு என்று விவரமாகச் சொல் என்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். டிவி இன்னும் ஓடவில்லை. அதற்கு நான் பொறுப்பாக முடியுமா?

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் ஹிபா வந்து சேர்ந்தாள். கோட்டைமேட்டுப் பெண். கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்கு முறை கிடையாது. பதிப்பு கேட்க மாட்டாள், பிழை கேட்க மாட்டாள். "பயப்படாதீங்கக்கா, ஒண்ணும் போயிருக்காது, நான் பாக்கறேன்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவாள். பிறகு பார்த்தும் கொடுத்துவிடுவாள். கேள்வி கேட்கத் தெரியாதவர்களை இப்படிச் செல்லம் கொடுத்துக் கெடுத்தால் அவர்கள் எப்போதுதான் கற்றுக்கொள்வார்கள்? கொஞ்ச நாளில் ஆட்கள் என் பதில் வந்த பிறகும், "ஹிபா பாப்பா இருக்குதுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு நன்றியே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு வந்த நன்றிகளில் ரோஜாப்பூப் படம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் உங்கள் தாளில் பொறாமை என்று எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். அடித்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். நாங்கள் அதைத் தரக் கட்டுப்பாடு என்று சொல்வோம்.

இப்போது புவனாவின் விஷயத்துக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண். பாம்பே குரூப் என்று ஒரு ரத்த வகை இருக்கிறதே, அது அவருக்கு. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். அவர்களுக்கு வேறு எந்த ரத்தமும் ஏற்றக் கூடாது. அதனால் அந்த வகைக்காரர்களை ஊர் ஊராகத் தேடிப்பிடித்து, யாருக்காவது ஆபத்து என்றால் இன்னொருவர் ஓடி வருவதற்காக ஒரு மன்றம் நடத்தினார். ஆனைமலையில் ஒருவர், கொடுமுடியில் ஒருவர் என்று எல்லாருடைய விவரமும் அதில்தான் இருந்தது. ஹிபாவின் அக்கா சித்திகாவுக்கும் அதே வகை. தங்கைக்கு அது அமையவில்லை. அக்காவுக்காக அந்த மன்றத்துக்குள் போனபோதுதான் ஹிபா சாவடியையே கற்றுக்கொண்டாள்.

அந்த மன்றத்தை முதலில் நிறுவிக் கொடுத்தவன் நான். புவனா கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தவர், பிறகு மாற்றவே இல்லை. காப்பியும் எடுத்ததே இல்லை. இரண்டையும் பற்றி நான் அவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "சரிங்கண்ணா, பண்ணிப்போடறேன்" என்பார். பண்ணமாட்டார்.

ஒரு நாள் புதிய பதிப்புக்கு மாற்றியதும் அவருடைய மன்றம் வெள்ளைப் பக்கமாக நின்றுவிட்டது. எங்களிடம் வந்து கேட்டார், வழக்கம்போல் விவரமில்லாமல். நான் விதிகளின் பக்கத்தைக் காட்டினேன். அதற்குள் ஹிபா பதில் எழுதிவிட்டாள். தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் ஒரு கட்டளை. அதைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள். பதில் சரியானதுதான். நான் அன்று முழுக்க யோசித்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

புவனா மத்தியானம் மண்டியில் வேலை முடிந்ததும் செய்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். அந்த இடைவெளியில் நான் இரண்டு காரியம் செய்தேன். முதலில், அந்தக் கடவுச்சொல்லை வைத்து அவருடைய மன்றம் முழுவதையும் என் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்தேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எதுவும் அழிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்கு முதலிலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஹிபாவின் பதிலைத் திருத்தினேன். அவள் எழுதிய கட்டளையை எடுத்துவிட்டு, பதிவுகளையும் உறுப்பினர்களையும் அடியோடு அழிக்கும் கட்டளையை அங்கே வைத்தேன். மற்றவர்கள் பதிலைத் திருத்துவது மட்டுறுத்துநருக்கு அன்றாட வேலை. தினமும் யாருடைய பதிலிலாவது கை வைத்துக்கொண்டுதான் இருப்பேன். கை நடுங்கவில்லையா என்று கேட்டீர்கள். எதற்கு நடுங்க வேண்டும்?

என் கணக்கு எளிமையானது. மன்றம் அழிந்துபோகும். காப்பியின் அருமை புவனாவுக்குப் புரியும். அவசரப்பட்டுப் பதில் சொல்வதன் ஆபத்து ஹிபாவுக்குப் புரியும். இருவரும் என்னிடம் வருவார்கள். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி மீட்டுக் கொடுத்துவிடுவேன். ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாமல் மூன்று பேருக்குப் பாடம். மூன்றாவது ஆள் யார் என்று கேட்காதீர்கள், அதைப் படிக்கிற பொதுமக்கள்.

மன்றம் அழிந்தது. அதுவரை கணக்கு சரி. ஹிபா எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். கைபேசியில் அவசரமாக எழுதியதால் என்ன எழுதினோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. திரியில் இருந்ததைத் தன் தவறு என்றே எடுத்துக்கொண்டாள். ஆனால் ஆட்கள் அவளைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. புவனாவே, "போனாப் போகுது கண்ணு, மறுக்கா ஒவ்வொருத்தராச் சேத்திப்போடலாம்" என்று எழுதினார். நான் காத்திருந்தேன். 'லட்சுமணசாமி சாரிடம் ஏதாவது வழி இருக்குமா?' என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மனசு மிகவும் நொந்துபோனது. கேட்காதவர்களுக்குப் போய் உதவி செய்வது நன்றாக இருக்குமா, நீங்களே சொல்லுங்கள். ஹிபா உதவி மன்றத்தை விட்டுப் போய்விட்டாள். புவனா ஒவ்வொருவராகத் தேட ஆரம்பித்தார்.

அவர் தேடி முடிப்பதற்குள், கர்ப்பமாக இருந்த சித்திகாவுக்கு வலி கண்டுவிட்டது. நாள் இன்னும் இருந்தது, முன்னதாகவே வந்துவிட்டது. அன்று காலையில் புவனாவிடமிருந்து எனக்குத் தனிச்செய்தி வந்தது. நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள், இருந்தாலும் நானே எழுதிவிடுகிறேன்.

"ஏனுங்கண்ணா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. ஹிபாவோட அக்காவுக்குக் கொழந்தை பொறந்துருச்சு, ஆனா ரத்தம் நிக்க மாட்டேங்குதுங்க. நானும் குடுத்துட்டேன், ஆனைமலைக்காரரும் வந்து குடுத்துட்டாரு, பத்தலீங்க. கொடுமுடியில ஒருத்தரு இருந்தாரு, பேரு கூட நெனப்பு வர மாட்டேங்குது. எல்லாம் அந்த மன்றத்துலதானுங்க இருந்துச்சு. நீங்க எப்பவாச்சும் எடுத்த பழைய காப்பி ஏதாச்சும் இருக்குங்களா?"

முதல் முறையாக என்னிடம் கேட்டார். ஆனால் தனிச்செய்தியில் கேட்டார். தனிச்செய்தியில் உதவி கேட்கக் கூடாது என்பது எங்கள் மூன்றாவது விதி. ஒருவருக்குக் கிடைக்கும் பதில் எல்லாருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காக வைத்தது. அதையே மரியாதையாக எழுதி, உதவி மன்றத்தில் திரி தொடங்கச் சொன்னேன். தொடங்கினார். அதையும் 'பொது அரட்டை' பிரிவில் தொடங்கியிருந்தார். நான் அதைச் 'சேமிப்பும் மீட்பும்' பிரிவுக்கு மாற்றிவிட்டு, என்ன பதிப்பு என்று கேட்டேன். பதில் வரவில்லை. சாயங்காலம் சித்திகா இறந்துபோனதாகத் தகவல் வந்தது. குழந்தை நன்றாக இருக்கிறது. பெண் குழந்தை.

மறுநாள் துக்கம் கேட்கக் கோட்டைமேட்டுக்குப் போனேன். போகாமல் இருந்துவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹிபாவின் அப்பா அமீர் ஹம்சா வாசல் வரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார், உக்காருங்க. புள்ள உங்களப் பத்தி நெறையச் சொல்லியிருக்குது. உங்ககிட்டத்தான் எல்லாம் கத்துக்கிச்சாம்" என்றார். அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் என்னிடம் கற்றாள் என்று அதற்கு முன்பு யாரும் சொன்னதில்லை.

ஹிபா உள்ளேயிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சார், அந்த வரிய நாந்தான் எழுதுனேங்களா? எத்தன தடவ யோசிச்சாலும் எழுதுன ஞாபகமே வரலீங்க சார்."

"தப்பு எல்லாருக்கும் நடக்கறதுதானுங்க அம்மணி," என்றேன். "அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க. அடுத்த தடவ காப்பி எடுத்தாச்சான்னு கேட்டுட்டுப் பதில் எழுதுங்க."

அவள் தலையை ஆட்டினாள். நான் அவளை மன்னித்ததாக எடுத்துக்கொண்டிருப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்திருந்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சாவடியின் அடுத்த பதிப்பு வந்தது. அதை எங்கள் உதவி மன்றத்தில் ஏற்றியவன் நான்தான். புதிய பதிப்பில் என்னென்ன மாற்றம் என்பதைப் படித்துவிட்டு ஏற்றுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், அன்று படிக்காமல் ஏற்றிவிட்டேன். யார் எந்தப் பதிவைத் திருத்தினாலும், மட்டுறுத்துநரே திருத்தினாலும், பழைய வரியும் புதிய வரியும் திருத்தியவர் பெயரும் எல்லாருக்கும் தெரிகிற வசதியைச் சேர்த்திருந்தார்கள். சாவடி பழைய வரிகளை உள்ளுக்குள் எப்போதும் வைத்துக்கொண்டுதான் இருந்தது, இதுவரை காட்டவில்லை. அந்த வசதி வேண்டும் என்று வருடக்கணக்காகக் கோரிக்கை எழுதி, வெளிப்படைத்தன்மை என்று எல்லாரிடமும் வாதாடியவனும் நான்தான். கோரிக்கையின் கீழே எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள், பெயர் போட்டு. ஹிபா அந்தப் பழைய திரிக்குப் போய், தான் எழுதிய வரியைப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் என் பெயர் இருந்தது.

ஆகவே ஆமாம், அந்த வரியை மாற்றியது நான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. புவனாவின் செய்தி வந்தபோது என்னிடமிருந்த காப்பியைத் திறந்து பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்த்தேன். அன்று மழை இல்லை, எல்லாம் நன்றாகவே வேலை செய்தது. கொடுமுடிக்காரர் பெயர் வெள்ளியங்கிரி. கைபேசி எண் இருந்தது. அதற்குக் கீழே அவரே எழுதி வைத்திருந்தார்: "எந்நேரமானாலும் கூப்புடுங்க, காரு இருக்குது, உடனே வாரேன்." காலை நேரம்தான். கூப்பிட்டிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கோயமுத்தூர் வந்திருப்பார். ஆனால் ஓர் உறுப்பினரின் சொந்த விவரத்தை அவருடைய அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுப்பது விதிப்படி தவறு. அந்த விதியை எழுதியவனே மீறினால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள்? எண்ணைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். காப்பி இன்றும் பத்திரமாக இருக்கிறது, ஒரு பதிவுகூடக் குறையவில்லை.

புவனாவின் திரியை நான் உடனே மூடிவிடவில்லை. மறுநாள் வரைக்கும் பார்த்தேன். என்ன பதிப்பு என்று அவர் திரும்பி வந்து சொல்லவே இல்லை. அப்படி வராதபோது எங்கள் வழக்கம் என்ன என்பதை முதலிலேயே எழுதியிருக்கிறேன். கோட்டைமேட்டில் துக்கம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தத் திரிக்குத் 'தீர்ந்தது' என்று பச்சைக் குறி போட்டேன்.