ஐந்தரை மணிக்குத் திறக்க வேண்டிய கதவு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் திரு. மூர்த்தி அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! துணைவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராசம்மா ஆன்ட்டி அவர்களே! நாற்காலி போதாமல் சுவரில் சாய்ந்து நிற்கும் பங்சா மெலூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டு மாடி மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் சலாமும்.

நான் ஆப்ரின். எட்டாம் மாடி, சுப்ஹானின் மகள். என் பெயரைச் சொன்னதும் சிலர் நாற்காலிக்கு அடியில் பார்க்கிறீர்கள். பயப்பட வேண்டாம். இன்று அங்கே எதையும் ஒட்டி வைக்கவில்லை.

பெர்மாஸ் ஜெயாவின் இந்த மூலையில் ஒன்பது ஆண்டுகள் நம் சங்கத்தின் செயலாளராக இருந்தவர், அமரர் திரு. ஹேமநாதன் அவர்கள். அவர் எப்படிப்பட்டவர்? ஓட்டப்பந்தய வீரரா? இல்லை. கோத்தா திங்கி செம்பனைத் தோட்டங்களிலிருந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் லாரி ஓட்டினார். ஓடியது லாரி, உட்கார்ந்திருந்தது அவர்! ஐம்பத்தெட்டு வயதில் டாக்டர், "தினமும் முக்கால் மணி நேரம் நடங்க" என்று சொல்லி அனுப்பினார். அங்கிள் அன்று மாலையே புதுக் காலணி போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். இறங்கி? எங்கே நடப்பது? முன்னால் கன்டெய்னர் லாரி போகும் சாலை. பக்கத்தில் மோட்டார் நிறுத்துமிடம். பின்னால் மாநகர மன்றத்தின் அழகான பூங்கா. ஓடுபாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் உண்டு. ஆனால் அதற்கும் நமக்கும் நடுவில் ஒரு கம்பிக் கதவு. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்களாக் குடியிருப்பின் சங்கம் பாதுகாப்புக்கென்று அதைப் பூட்டி வைத்திருந்தது. நாம் போக வேண்டுமென்றால் பெரிய சாலையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடப்பதற்காக நடக்க வேண்டும்!

எடை குறைய நடை வேண்டும். நடைக்குத் தடை. அவர்களுக்குப் பூங்கா, நமக்குப் பூட்டு. இப்படித்தான் இருந்தோம், இல்லையா?

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். அடிப்பதாக இருந்தால் கூட்டம் முடிந்த பிறகு.

சென்ற ஆண்டு ஹேமநாதன் அங்கிள் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் பாலோ ஊருக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து நான் ஒரு தாளில் 'லிஃப்ட் ரோசாக்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கீழ்த்தளத்தில் ஒட்டினேன். லிஃப்டில் எந்தப் பழுதும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் யாராவது கண்டுபிடித்துத் திட்டுவார்கள், சிரித்துவிட்டுக் கிழித்துவிடலாம் என்று படிக்கட்டு ஓரத்தில் காத்திருந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர்கூடப் பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை! தாளைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், ஏறினார்கள். நான்கு நாள்! என் அம்மா தஸ்லிமா ஐந்து கிலோ அரிசியோடு எட்டு மாடி ஏறினார். பின்னால் நானும் ஏறினேன். உண்மையைச் சொல்லும் தைரியம் அதற்குள் எனக்குப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் பாலோவிலிருந்து திரும்பிய அங்கிள் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் திறந்தது. தாளைக் கிழித்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் என் அறிவியல் தேர்வுத் தாள். பெயர், வகுப்பு, மதிப்பெண் முப்பத்தெட்டு. எட்டாம் மாடிக்கு வந்து கதவைத் தட்டினார்.

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. உன் மார்க்குதான் ரோசாக்."

நான் கதவைப் பாதி சாத்தப் பார்த்தேன்.

"நாலு நாள் ஒருத்தர்கூட பட்டனை அமுக்கிப் பாக்கலை. ஏன்னு தெரியுமா?"

"நம்பிட்டாங்க அங்கிள். என் கையெழுத்து அவ்ளோ அழகு."

"இல்ல லா. பழகிட்டாங்க. நம்ம இடத்துல எது கெட்டுப்போச்சுன்னு சொன்னாலும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அந்தப் பக்கத்து பங்களாவுல இப்படி ஒட்டியிருந்தா நாலு நிமிஷம் தாங்குமா?"

அங்கேயே விடவில்லை. என்னை ஐந்தாம் மாடிப் பிரேமலா ஆன்ட்டியின் வாசலுக்கு அழைத்துப்போனார். மூன்றாம் நாள் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து இன்ஹேலரைத் தேடியவர் அவர். அது விளையாட்டு இல்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்கள் எல்லோர் முன்னும் மறுபடி கேட்கிறேன், ஆன்ட்டி. அன்று திரும்பி வரும்போது அங்கிள் சொன்னார்: "வேணும்னு ஏறுனா அது எக்சர்சைஸ். வேற வழியில்லாம ஏறுனா அது தண்டனை. ரெண்டுலயும் கால் ஒரே மாதிரிதான் வலிக்கும், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல."

எனக்கும் ஒரு தண்டனை கிடைத்தது. ஒரு வாரம், மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை, நான் வேலி ஓரமாக நின்று பூங்காவில் நடப்பவர்களின் தலையை எண்ண வேண்டும். அவர் நம் மோட்டார் நிறுத்துமிடத்தில் எண்ணுவார். ஏன் அங்கே? நம்மில் பாதிப் பேர் விடியும் முன்பே சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்விடுகிறோம். அவை திரும்பும்வரை காலியாகக் கிடக்கும் அந்தச் சிமெண்டுத் தரைதான் நமக்கு மைதானம். முதல் ஹாரன் கேட்டதும் பந்து நிற்கும், நடை நிற்கும், எல்லோரும் ஓரம் போவோம்.

எண்ணி முடித்தோம். ஏழு நாளில் பூங்காவில் நான் பார்த்தவர்கள் முப்பத்தொரு பேர், இரண்டு நாய். அங்கே இளவட்டங்களே இல்லை. அவர்களுக்குக் குளிர்சாதன ஜிம் இருக்கிறதாம்! நம் சிமெண்டுத் தரையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். அறுபதைத் தாண்டியவர்கள் ஒன்பதே பேர். என் வயதுப் பெண்கள்? ஒரே ஒருத்தி. அவளும் வேலி ஓரமாக நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தாள். அங்கிள் காகிதத்தில் அந்த 'ஒன்று' மேல் விரலை வைத்தார். "உங்களுக்கெல்லாம் பதிமூணு வயசுல என்னம்மா ஆகுது? காணாமப் போயிடுறீங்க" என்றார். எங்கே விளையாடுவது அங்கிள், நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களின் கண்ணுக்கு நடுவிலா என்று கேட்டேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த வாரமே பூங்காக் கதவைத் திறக்கச் சொல்லி அந்தச் சங்கத்தோடு பேச நேரம் கேட்டுவிட்டார்.

அந்தப் பேச்சுவார்த்தைக்கு என்னையும் கூட்டிப்போனார். அவர்களுடைய செயலாளர் திரு. ரூபேந்திரன் அவர்கள் இன்று இங்கே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். வந்ததற்கு நன்றி சார். அன்று நீங்கள் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? "பங்சா ஆளுங்க எக்சர்சைஸ் பண்ணவா வரப்போறாங்க? அந்தப் பழக்கமே கிடையாதே."

ஹேமநாதன் அங்கிள் என் பக்கம் குனிந்து, "சொல்லட்டுமா?" என்று கேட்டார். என் மானத்தை வாங்க என்னிடமே அனுமதி கேட்ட மனிதர் அவர்! நானே எழுந்து லிஃப்ட் கதையைச் சொன்னேன். அங்கிள் ஒரே ஒரு வரி சேர்த்தார்: "எட்டு மாடி, நாலு நாள், ஒரு முணுமுணுப்பு இல்லாம ஏறுன காலு சார் இது. சோம்பேறிக் காலா?" அறை முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள் சார். கதவு திறந்தது.

மூன்று மாதச் சோதனை. தினமும் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. ஒரு நிபந்தனை: வயது வந்த ஒருவர் பொறுப்பேற்று, கையெழுத்துப் போட்டு, சாவியால் திறந்து மூட வேண்டும். கையெழுத்து ஹேமநாதன். சாவி ஹேமநாதன்.

இரண்டு மாதத்தில் என்ன நடந்தது? சிங்கப்பூரிலிருந்து வரும் லோகேஸ்வரன் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து முதல் சுற்று நடந்தார். என் அம்மா என் பள்ளிக் காலணியைத் திருடிப் போட்டுக்கொண்டு நடந்தார். பிரேமலா ஆன்ட்டி பெஞ்சுக்குப் பெஞ்சு இளைப்பாறி ஒரு முழுச் சுற்றை முடித்துக் கைதட்டல் வாங்கினார். நாங்கள் ஏழு பெண்கள் வலைப்பந்து ஆடினோம். ஏழு! ஒன்றாக இருந்தது ஏழாக ஆனது. எங்கள் கால் மாறவில்லை, கதவுதான் மாறியது.

"ஊரையெல்லாம் நடக்கச் சொன்னவர் கடைசியில் நெஞ்சு வலியில்தானே போனார்?" என்று இறுதிச் சடங்கில் ஒருவர் முணுமுணுத்தார். என் காதில் விழுந்தது. அவருக்குச் சொல்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு உட்கார்ந்த உடம்புக்குக் கிடைத்தது இரண்டு மாத நடை. குறை நடையிலா? கதவு திறந்த தேதியிலா?

அவர் மறைந்து இன்றோடு பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளாகக் கதவு பூட்டியே கிடக்கிறது. பொறுப்பாளர் இல்லையென்றால் சோதனை முடிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வோம் என்று அந்தச் சங்கத்திடமிருந்து நேற்று கடிதம் வந்திருக்கிறது. எனக்கு வயது பதினேழு. என் கையெழுத்து செல்லாது. லிஃப்டில் மட்டும்தான் செல்லும்.

ஆனால் இன்று காலை ராசம்மா ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார். பூஜை அலமாரியிலிருந்து இந்தச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"கையெழுத்து நான் போடுறேன். நீ தொற. எனக்கு முட்டி வலி, உனக்கு வயசு பத்தல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு."

ரூபேந்திரன் சார், அவர் கையெழுத்திட்ட கடிதம் இதோ. இந்த முறை தேர்வுத் தாளின் பின்பக்கத்தில் எழுதவில்லை. திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியோர்களே, இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று மௌனம் காப்பது நம் வழக்கம். தலைவர் மூர்த்தி அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அந்த மௌனத்தை இன்று நாம் நின்று காக்கப் போவதில்லை. கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து இருபத்தைந்து. இங்கிருந்து கதவுக்கு ஐந்து நிமிட நடை. ராசம்மா ஆன்ட்டி முன்னால் போவார், அவருடைய வேகத்திலேயே போவோம். யாரும் பேச வேண்டாம், நான்கூடப் பேச மாட்டேன்.

ஹேமநாதன் அங்கிள், உங்கள் கதவை ஒரு நிமிடம்கூடத் தாமதமாகத் திறக்க மாட்டோம்.

எழுந்திருங்கள். நடப்போம்.