ஒரு கதவு மட்டும் போதும்

ஜப்பான்காரன் காலம். ஜொகூர் பாருவில் அரிசி வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"அக்கா, உங்க வீட்டுக் கதவைக் கழட்டிக் குடுப்பீங்களா?" என்றாள் இளையவள்.

மூத்தவள் சிரித்துவிட்டாள். "வீடே இல்லாதவளுக்குக் கதவு எதுக்குடி?"

"அதான்கா பயமா இருக்கு. கடை வாசல் அஞ்சடி நடைபாதையில படுத்துக் கெடக்கிற ஆம்பளைங்களத்தான் மொதல்ல லோரியில ஏத்துறானுங்க, சயாமுக்கு ரயில் ரோடு போட. குண்டு விழுந்த கடை ஒன்னுல சுவரு நாலும் நிக்குது. கதவு மாட்டி, வாசல்ல கோலம் போட்டுட்டா குடும்பம் இருக்கிற வீடுன்னு நெனைப்பான்ல? எங்க வீட்டுக்காரரை விட்டுருவான்."

"கூரை?"

"அவன் எங்க மேல பாக்கப் போறான்க்கா."

அப்போது ஜப்பான் சிப்பாய் ஒருவன் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தான். இருவரும் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அவனுக்குத் தமிழ் தெரிந்திருக்குமோ என்று நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவன் தள்ளிப் போனபின் மூத்தவள் தணிந்த குரலில் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு கதவைத் தாப்பாப் போட்டுட்டுத்தான் படுத்திருந்தாரு. ஒடைச்சு உள்ள வந்துதானே கொண்டுபோனானுங்க."

இளையவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். வரிசை நகர்ந்தும் அவள் நகரவில்லை. மூத்தவள்தான் அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"முன் கதவு ஒடஞ்சு கெடக்கு. பின் கதவு நல்லா இருக்கு, சாயங்காலம் வந்து எடுத்துக்க. மாட்டுறதுக்கு முந்தி, பின்சுவர்ல ஆள் நுழைஞ்சு ஓடுற அளவுக்கு இடிச்சு வச்சிருங்க."