நூற்றுப் பன்னிரண்டாம் பில்லை

அண்ணி: என்னப்பா, இந்தக் குளிர்ல உனக்கு மட்டும் இப்படி வேர்க்குது?

கொழுந்தன்: மலை ஏறினது அண்ணி… மூச்சு வாங்குது.

அண்ணி: ஏறினது வேன். நீ உக்காந்துகிட்டுதானே வந்தே! முட்டி தேஞ்ச நானே சும்மா இருக்கேன்.

கொழுந்தன்: சரி, பார்த்தாச்சுல்ல? சுரங்கத்தை மூடிட்டுப் போன ஊர்ல என்ன இருக்கப் போகுது… இடிஞ்ச சுவரும் துருப்பிடிச்ச தகரமும். கிளம்பலாமே. மழை வேற வர்ற மாதிரி…

அண்ணி: வானம் பளிச்சுனு இருக்கு, மழையாம்! இருபத்தஞ்சு வருஷமா உனக்கு இதே பாட்டு. இங்க கூட்டிட்டு வாடான்னா ஒரு தடவை லோடு, ஒரு தடவை வண்டி ரிப்பேர், ஒரு தடவை முதுகுவலி…

கொழுந்தன்: முதுகுவலி நிஜம் அண்ணி.

அண்ணி: நிஜம்தான், நிஜம்தான். நம்ம லைன் வீட்டைப் பார்த்தியா? அடுப்படிக்குள்ள மரம் முளைச்சு கூரைக்கு மேல போயிடுச்சு. ஒரு ஜோடி அதுல சாஞ்சு போட்டோ எடுக்குது. "கொஞ்சம் தள்ளுங்கம்மா, குறுக்க வர்றீங்க"ங்குது அந்தப் பொண்ணு. என் அடுப்படியில நான் குறுக்க நிக்கிறேனாம்!

கொழுந்தன்: இது என் வீடுன்னு சொல்ல வேண்டியதுதானே.

அண்ணி: என்னன்னு சொல்ல? புருஷன் ஓடிப்போன வீடுன்னா?

கொழுந்தன்: அண்ணி…

அண்ணி: ஊரே சொன்னதுதானே. அப்ப வயித்துல இருந்தவ, உன் அண்ணன் மக, நேத்து கேக்குறா… கல்யாணப் பத்திரிகையில அப்பா பேரை எப்படிம்மா போடறது, இருக்கிறவர்னா, இல்லாதவர்னான்னு. அதான் வந்தேன். இரு, இதுதானே பில்லை ரூம்?

கொழுந்தன்: உள்ள பாம்பு கீம்பு இருக்கும்… வேணாம் அண்ணி.

அண்ணி: அட, வா! போர்டு அப்படியே இருக்கு பாரேன். கீழ இறங்கும்போது அவங்கவங்க நம்பர் போட்ட பில்லையைக் கையோட எடுத்துட்டுப் போகணும், மேல வந்ததும் அவங்கவங்க ஆணியில மாட்டணும். ஆணி காலியா இருந்தா ஆள் இன்னும் உள்ள. அப்படித்தானே?

கொழுந்தன்: ம்.

அண்ணி: நூத்திப் பதினொண்ணு… உன்னோடது. நூத்திப் பன்னெண்டு… இதோ! நான் தேடிட்டுப் போனப்பவும் இதைத்தான் காட்டினாங்க. "சுரங்கத்துல பாறை சரியறதுக்கு முன்னாடியே உன் வீட்டுக்காரர் மேல வந்துட்டாரும்மா, பில்லை தொங்குது பார்"னு. தம்பி… இதைக் கழட்டிக் குடு.

கொழுந்தன்: எதுக்கு அண்ணி?

அண்ணி: அவர் கை கடைசியா பட்டது இதுலதான். விட்டுட்டுப் போனவரா இருந்தாலும்… என்ன நிக்கிறே? எட்டலையா?

கொழுந்தன்: அது… அண்ணன் கை இல்ல.

அண்ணி: பின்ன?

கொழுந்தன்: நான் மாட்டினது.

அண்ணி: நீயா? நீ எதுக்கு…

கொழுந்தன்: ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு பேரும் ஏறி வந்துட்டிருந்தோம். "தூக்குச்சட்டியைக் கீழயே விட்டுட்டேன்டா. நீ இதையும் சேர்த்து மாட்டிடு"ன்னு பில்லையை என் கையில திணிச்சுட்டுத் திரும்பிப் போனாரு.

அண்ணி: தூக்குச்சட்டியா… அன்னிக்கு உன்கிட்ட நான் குடுத்தனுப்பினதா?

கொழுந்தன்: அதேதான். சண்டை போட்டுட்டு ரெண்டு நாளா என் ரூம்லதானே படுத்திருந்தாரு. "சாப்பாடு அனுப்பியிருக்கா, கோபம் தணிஞ்சிடுச்சு. சட்டியோட போனாத்தான் உள்ள விடுவா"ன்னு சிரிச்சாரு. நான் மாட்டிட்டுத் திரும்பறேன்… தரை ஆடுது.

அண்ணி: பாவி! அப்பவே சொல்லியிருந்தா தோண்டியிருப்பாங்களேடா!

கொழுந்தன்: ஆபீஸ் வாசல் வரைக்கும் ஓடினேன். அடுத்தவன் பில்லையை மாட்டினா அன்னிக்கே வேலை போயிடும். அந்த பயத்துல நின்னேன் அண்ணி… நின்னுட்டேன். அதுக்குள்ள, பில்லையை மட்டும் நம்பாம வீடு வீடா ஆள் கணக்கெடுக்கப் போன செக்கர் வந்து, "உங்க அண்ணன் வீட்டுலதான் இருக்காரு"ன்னுட்டாரு. வேற வழியா ஏறி, சட்டியோட வீட்டுக்கே போயிட்டாருன்னு நம்பினேன். நம்பறது எனக்கு சௌகரியமா இருந்துச்சு.

அண்ணி: செக்கர் அப்படியா சொன்னாரு…

கொழுந்தன்: மறுநாள் நீங்க என்கிட்ட வந்து, "அவர் எங்கடா"ன்னு கேட்டப்ப, உள்ள யாரும் இல்லன்னு சுரங்க வாயை அடைச்சாச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட சொல்றது? அடிங்க அண்ணி. எப்படி வேணா அடிங்க.

அண்ணி: பில்லையைக் குடு.

கொழுந்தன்: இந்தாங்க… ஆனா அவர் வீட்டுல இருக்காருன்னு செக்கர்கிட்ட பொய் சொன்னது யாரு அண்ணி? அந்த ஒரு வார்த்தை இல்லேன்னா நான் சொல்லியிருப்பேன். இருபத்தஞ்சு வருஷமா அந்த ஆளைத் திட்டாத நாள் இல்ல…

அண்ணி: அவர் ரெண்டு நாளா வீட்டுக்கு வரலன்னு லைன்ல யாருக்கும் தெரியாதுப்பா. செக்கர் கேட்டப்ப எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசல்ல நின்னு என் வாயையே பார்த்தாங்க. மானம் போயிடுமேன்னு… கதவைப் பாதி சாத்திக்கிட்டு, "உள்ள தூங்கறாரு"ன்னேன்.